எட்டாயிரத்துக்கு நாலு தட்டு எனக்கு வேண்டாம்

இது நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் வேலையை முடித்துவிட்டு ராத்திரி நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி கேட்டேன். டிரம்ஸ் வாசிக்கும் பேரனுக்கு ஒரு சிம்பல் வாங்க வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. சாயங்காலத்துக்குள் முப்பதுக்கு மேல் பதில் வந்துவிட்டது. பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒண்ணு எதுக்குங்க? எட்டாயிரத்துக்கு நாலு பீஸ் செட்டே வருதே!" அதே கேள்வியை இங்கே போட்டேன். என்னிடம் நாலாம் வகுப்பு படித்த இரண்டு இன்ஜினியர்கள் வந்து, "டீச்சர், ரெண்டு வேலை செய்யற பொருள் ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்யும்" என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். இன்னொருவர், பெயர் சொல்லவில்லை, "இரைச்சலுக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்று கேட்டார். மூன்று கட்சிக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். டிரம்ஸில் மேளங்களுக்கு மேலே ஸ்டாண்டில் தொங்கும் வட்டத் தட்டுகள்தான் சிம்பல். அதில் இரண்டு முக்கிய வேலை இருக்கிறது. ஒன்று, பாட்டு முழுக்க ஸ்டிக் நுனியால் 'டிங் டிங்' என்று காலம் காட்டிக்கொண்டே போவது. அந்தத் தட்டுக்கு ரைடு என்று பெயர். இன்னொன்று, பல்லவி முடிந்து சரணம் எடுக்கிற மாதிரி இடங்களில் விளிம்பில் ஓங்கி ஓர் அடி, 'ஜ்ஷா' என்று விரிந்து அடங்க வேண்டும். அது க்ராஷ். கடைக்காரர்கள் இரண்டையும் தனித்தனியாக விற்பார்கள். என் பேரன் கேட்பது ஒரே தட்டு. ரைடாக வாசிக்கும்போது காதில் குத்தாமல் கார்வையோடு இருக்க வேண்டும், விளிம்பில் அடித்தால் க்ராஷாக மலரவும் வேண்டும். பையனுக்குப் பதினாறு வயது. இதை அவன் என்னிடம் கேட்டபோது, விவரம் இல்லாமல் கேட்கிறான் என்று நானும்தான் நினைத்தேன். இரண்டு மாதம் அவனோடு உட்கார்ந்து கேட்ட பிறகுதான் அவன் கேட்பதில் நியாயம் இருப்பது புரிந்தது.

அந்த நாலு பீஸ் செட்டுக்கு வருகிறேன். அது பித்தளை. நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையே இல்லை. மோட்டாரும் பம்பும் செய்கிற ஊர் இது. கணபதியிலும் பீளமேட்டிலும் பவுண்டரியிலும் லேத்திலும் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் இதைப் படிக்கிறீர்கள்! செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். புஷ்ஷுக்குப் பித்தளை போதும் என்று எவனாவது சொன்னால் சண்டைக்குப் போகிறவர்கள், பிள்ளையின் காதுக்கு மட்டும் பித்தளை போதும் என்கிறீர்கள். மலிவு செட்டுகளில் பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்தி, பளபளவென்று பாலீஷ் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடித்தால் சட்டென்று ஒரு கிணுகிணுப்பு வரும், அதற்குப் பிறகு ஒன்றுமே இருக்காது.

நல்ல சிம்பலில் பெரும்பாலும் நூற்றுக்கு எண்பது செம்பு, இருபது வெள்ளீயம். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் ஆறிய நிலையில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், வளைத்தால் உடையும். அதனால் வார்த்து, பழுக்கக் காய்ச்சி, சூட்டிலேயே உருட்டி, தண்ணீரில் தோய்த்து, சுத்தியலால் தட்டித் தட்டி, கடைசியில் கடைசல் பிடிக்கிறார்கள். விலை ஏறுவது அந்த வேலையால்தான். நடுவில் ஒரு ரகம் உண்டு, வெள்ளீயம் எட்டு பங்கு மட்டும் சேர்த்தது. அதை மட்டமென்று சொல்ல மாட்டேன். பைஸ்டே கம்பெனியின் பெயர்பெற்ற 2002 வரிசையே அந்தக் கலவைதான். ராக் இசைக்குப் பளிச்சென்று இருக்கும். எங்கள் பையன் தேடுகிற கார்வை அதில் கம்மி, அவ்வளவுதான்.

இது என்னமோ வெள்ளைக்காரன் வித்தை என்று நினைக்க வேண்டாம். ஜில்ஜியான் கம்பெனி 1623-ல் இஸ்தான்புல்லில் ஓர் ஆர்மீனியர் தொடங்கியது, 1929-ல்தான் அமெரிக்காவில் தொழிற்சாலை போட்டார்கள். அதற்கெல்லாம் வெகு காலத்துக்கு முன்பே நம் நீலகிரி மலையின் பழைய ஈமக் குவியல்களில் மெல்லிய வெண்கலக் கிண்ணங்களை வைத்திருக்கிறார்கள். ஆதிச்சநல்லூரிலும் கிடைத்திருக்கின்றன. சாரதா ஸ்ரீநிவாசன் என்ற ஆராய்ச்சியாளர், அவர் பரதமும் ஆடுகிறவர், இவற்றைச் சோதித்து, சில கிண்ணங்களில் வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இருப்பதைக் காட்டினார். அந்த அளவு வெள்ளீயத்தைச் சூட்டில் தட்டி மெல்லிசாக்கும் கை இந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு தகட்டுத் தட்டு போதும் என்கிறோம்.

இவ்வளவு கோபமாக எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி இருக்கிறது, பெருமைப்படத்தக்கது இல்லை. பள்ளியில் எட்டு வருஷம் பேண்டு வாத்தியப் பொறுப்பு என்னிடம் இருந்தது. புது சிம்பல் ஜோடி வாங்க மூன்று கொட்டேஷன் வாங்கினேன். எதையும் தட்டிப் பார்க்காமல் குறைந்த விலைக்குக் கையெழுத்துப் போட்டேன். பித்தளை. இரண்டாம் வருஷம் சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்தின் முன்னால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓங்கி அடித்தாள். காற்றில் மடங்கும் குடை மாதிரி ஒரு தட்டு உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மைதானமே சிரித்தது. அன்றையிலிருந்து அந்தக் குழந்தைக்கு 'தகரம்' என்று பட்டப்பெயர். அடுத்த வாரமே பேண்டை விட்டு நின்றுவிட்டாள். அவள் அடித்தது சரியான அடி. தப்பு என் கையெழுத்தில். அம்மிணி, நீ இதைப் படிக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. படித்தால் ஒரு வார்த்தை எழுது.

இன்ஜினியர் தம்பிகளுக்கு இப்போது. இரண்டு வேலைப் பொருள் அரைகுறை என்பதற்கு நீங்கள் காட்டிய உதாரணம் கிரைண்டர். மாவாட்டும் கிரைண்டரிலேயே தேங்காய் துருவவும் சப்பாத்தி மாவு பிசையவும் துணைக்கருவி மாட்டுவது. ஒப்புக்கொள்கிறேன், என் வீட்டிலும் அந்தத் துணைக்கருவிகள் பரண்மேல்தான் இருக்கின்றன. மலிவு செட்டுகளில் 'க்ராஷ்-ரைடு' என்று அச்சடித்து வருகிற தட்டும் அந்த ரகம்தான், ரைடும் ஆகாது, க்ராஷும் ஆகாது. அதுவரை உங்கள் கட்சி ஜெயம்.

ஆனால் சிம்பல் கிரைண்டர் இல்லையே, குரல் மாதிரி அல்லவா. நம் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுக்குத் தாழப் பாட ஒரு தொண்டை, உச்சிக்குப் போக இன்னொரு தொண்டை என்று இருந்ததா? 1953-ல் வந்த ஔவையார் படத்தை இன்றைக்கும் போட்டுக் கேளுங்கள். அந்தக் குரலை வெண்கலக் குரல் என்று சொன்னோமே தவிர, பித்தளைக் குரல் என்று யாரும் சொன்னதில்லை.

வாளையாறு தாண்டினால் கேரளம். பாலக்காட்டுப் பக்கம் கோயில் பஞ்சவாத்தியம் கேட்டிருப்பீர்கள். திமிலை, மத்தளம், இடக்கை, கொம்பு, அதோடு இலைத்தாளம். வெண்கல இலைத்தாளம் ஒரே ஜோடிதான் ஒருவர் கையில் இருக்கும். காலத்தைக் கணக்காகப் போட்டுக்கொண்டே போவதும் அது, மேளம் உச்சத்துக்கு ஏறும்போது பொங்கி எழுவதும் அதே ஜோடி. நம் பஜனைக் கூடத்து ஜால்ராவும் அப்படித்தான், சின்ன அளவில்.

டிரம்ஸ் வரலாற்றிலும் ரைடு, க்ராஷ் என்ற பெயர்கள் பிற்பாடு வந்தவை. முன்பெல்லாம் மெல்லிசு, நடுத்தரம், கனம் என்று கனத்தைச் சொல்லித்தான் விற்றார்கள். 1940-களில் கென்னி கிளார்க் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞர், காலில் மிதிக்கும் பெரிய மேளத்தில் தொடர்ந்து போட்டுவந்த காலத்தை மேலே தொங்கும் தட்டுக்குக் கொண்டுபோனார். ரைடு வாசிப்பு பரவியது அப்போதுதான். அந்த வழியில் வந்தவர்கள் அதே தட்டின் விளிம்பில் அடித்து க்ராஷும் எடுத்தார்கள்.

அப்படியானால் எல்லா ரைடும் க்ராஷ் ஆகுமா? ஆகாது. சிக்கல் கனத்தில் இருக்கிறது. தட்டு கனமாக இருந்தால் நுனி அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிவாகக் கேட்கும், ஆனால் விளிம்பில் அடித்தால் மலராது, கோயில் மணியை அடித்த மாதிரி 'ங்' என்று நிற்கும். ரொம்ப மெல்லிசாக இருந்தால் விளிம்பில் தொட்டாலே மலரும், ஆனால் ரைடு வாசித்தால் இரைச்சலில் நுனி அடிகள் மூழ்கிவிடும். வேண்டியது இரண்டுக்கும் நடுவில், மெல்லிசுப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது. ஆப்பம் நினைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கனம், விளிம்பு மெலிவு. நடுக்கனம் நுனி அடியைத் தாங்கும், மெல்லிய விளிம்பு சட்டென்று மலரும். குறுக்களவு இருபது அங்குலம் என்றால் 1,700 கிராமிலிருந்து 2,000 கிராமுக்குள் தேடுவது என்று நானும் பேரனும் முடிவு செய்திருக்கிறோம். 2,400-க்கு மேல் போனால் க்ராஷ் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். நடுக் குமிழ் ரொம்பப் பெரிதாக இருக்கக் கூடாது. குமிழ் பெரிதானால் சத்தமும் ரீங்காரமும் கூடும், கார்வை அதில் அடிபட்டுப் போகும்.

கிராம் எல்லாம் தேடுவதற்கு ஒரு வழிதான். முடிவு காதில். இங்கேதான் எனக்கு உங்கள் எல்லோர் மேலும் கோபம். மண்பானை வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். டவுன்ஹால் பக்கம் பாத்திரக் கடையில் வெண்கலப் பானையைச் சுண்டிப் பார்க்காமல் எந்த அம்மாவாவது காசு கொடுப்பாளா? தேங்காயைக்கூடத் தட்டித்தானே வாங்குகிறீர்கள்! ஒலிப்பதற்கென்றே செய்த பொருளை மட்டும் போனில் படம் பார்த்து வாங்கச் சொல்கிறீர்கள். "வீடியோல கேட்டுக்கலாமுங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. போன வருஷம் அப்படித்தான் ஒரு இணையக் கடையில் அவர் ஒன்று வாங்கித் தந்தார். (மாப்பிள்ளை கோவிச்சுக்கக் கூடாது.) வீடியோவில் அடித்தது நல்ல மைக் வைத்த பெரிய அறையில். எங்கள் வடவள்ளி வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் பேரன் முதல் அடி அடித்ததும், "அமுச்சி, இது டப்பா மூடி மாதிரி இருக்குது" என்றான். ஆறு மாதம் வாசித்தான். பக்கத்து வீட்டில் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே அந்த நேரம் பார்த்துக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். பையன் மெல்ல அடித்தால் தட்டு பேசாது, ஓங்கி அடித்தால் கத்தும். கடைசியில் அவன் அடிப்பதையே நிறுத்திவிட்டான். ஸ்டிக்கைத் தலையணையில் தட்டிக்கொண்டிருந்தான். இந்தப் பிரச்சினையில் நான் தலையிட்டதே அதைப் பார்த்த பிறகுதான்.

இன்னொன்று, சுத்தியலால் தட்டிச் செய்யும் தட்டு ஒன்று போல் ஒன்று இருக்காது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே அளவு, இரண்டை அடுத்தடுத்து வைத்து அடித்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும், ஒரே ஆள் இல்லை. வீடியோவில் பேசியது அக்கா, பெட்டியில் வருவது தங்கை.

கடையில் என்ன செய்வதென்று பேரனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், அவன் எனக்குச் சொல்லித்தந்ததும் இதில் பாதி. வாசிக்கிற ஸ்டிக்கையே எடுத்துப் போக வேண்டும், கடை ஸ்டிக் கூடாது. வீட்டு ஹை-ஹாட் ஜோடியையும் கொண்டுபோக வேண்டும், புதுத் தட்டு அதோடு சேர்ந்து வாழப் போகிறதே. முதலில் நுனியால் மெல்ல, பதினாறு எண்ணிக்கை. மெல்ல அடித்தும் பேசுகிறதா? பிறகு ஸ்டிக்கின் தோள் பக்கத்தால் விளிம்பில் சாய்வாக ஓர் அடி, நேராகக் குத்தக் கூடாது. உடனே, அந்த மலர்ச்சி அடங்குமுன்னே, மறுபடி நுனி அடிக்கு வர வேண்டும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து நுனி அடி எத்தனையாவது அடியில் தலை தூக்குகிறது என்பதுதான் பரீட்சை. இரண்டாவது மூன்றாவது அடியில் தெளிந்தால் வாங்கலாம். எட்டு அடி ஆகியும் தெளியவில்லை என்றால் அது வெறும் க்ராஷ், எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். அப்புறம் வேறு யாரையாவது அடிக்கச் சொல்லிவிட்டுக் கடை வாசலில் நின்று கேட்க வேண்டும். தலைக்குப் பக்கத்தில் முரடாகத் தெரிவது பத்தடி தள்ளி இனிமையாகக் கேட்பதும் உண்டு, தலைகீழாக நடப்பதும் உண்டு.

கை மாறின தட்டு கிடைத்தால் பயப்பட வேண்டாம். விளிம்பைச் சுற்றிலும் நகத்தால் தடவிப் பாருங்கள், நகம் மாட்டினால் விரிசல், அதைப் பற்றவைத்துச் சரிசெய்யலாம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நடு ஓட்டை ஸ்டாண்டில் உரசி நீண்டிருந்தால் பார்த்து வைத்தவர் சரியில்லை. மேல் திருகை இறுக்கி முடுக்கிக் கட்டுவதாலும் தட்டு வெடிக்கும், அது தொங்கி ஆட வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, என் சொந்தச் செலவில் கற்றது: பழைய தட்டைப் பளபளப்பாக்குகிறேன் என்று புளி போட்டு விளக்காதீர்கள். பேரன் நண்பனிடம் இரவல் வாங்கிய தட்டை நான் விளக்கினேன். பேரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

விலைக்கு வருகிறேன். நாங்கள் பார்த்து வைத்திருப்பது இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டுகிறது. என் பென்ஷன் பணம், யாரிடமும் கேட்கவில்லை. விலை கூடினால் ஒலி தானாக வந்துவிடும் என்று நான் சொல்வதாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்கா என்று ஒரு தலம். குழந்தை சம்பந்தர் கை நோகத் தாளம் போட்டுப் பாடுவதைப் பார்த்துச் சிவபெருமான் பொன்னால் தாளம் கொடுத்தாராம். பொன்னைத் தட்டினால் நாதம் ஏது? அம்பாள்தான் அதற்கு ஓசை கொடுத்தாள். அந்தக் கோயிலில் அம்பாளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்றே பெயர். பெரிய கம்பெனி முத்திரை போட்ட தட்டிலும் ஊமை உண்டு. அதனால்தான் கேட்டு வாங்கு என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். அதே காசுக்கு மூன்று செட் பித்தளை வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்களே, மூன்று செட்டும் மூன்று வருஷத்தில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். கவனமாக வைத்தால் வெண்கலத் தட்டு பேரனின் பேரனுக்கும் பேசும்.

கடைசியாக, இரைச்சல் என்று சொன்னவருக்கு. தாளம் போடுகிறவன் என்றாலே நம் ஊரில் இளக்காரம். ஆமாம் சாமி போடுகிறவனுக்கு ஜால்ரா என்று பெயர் வைத்தோம். பஜனையில் ஜால்ரா போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள், பாடகர் காலம் தவறினால் இழுத்து நிறுத்துவது அவர்தான். மோட்டாரில் ஓடும் மணி மேள மெஷினைக் கோயிலில் மாட்டி, சுவிட்சைப் போட்டுவிட்டு, தீபாராதனைக்குக் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறோமே, அதை யாராவது இரைச்சல் என்று சொன்னதுண்டா? ஆள் வாசிப்பது இரைச்சல், மெஷின் வாசிப்பது பக்தியா? நீங்கள் குறை சொல்லும் பையன் காதுக்குப் பஞ்சு உருண்டை வைத்துக்கொண்டு, சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் வாசிக்கிறான். பக்கத்து வீட்டாரிடம் நேரம் கேட்டு வாங்கியது நான்தான்.

வருகிற ஞாயிறு காலை பதினொரு மணிக்கு காந்திபுரத்தில் கடைக்குப் போகிறோம். சமையலறைத் தராசு என் பையில் இருக்கும், கடைக்காரர் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். எட்டாயிரம் செட் கட்சிக்காரர்கள் யாராவது வருவதானால் வாருங்கள். அந்தக் கடையிலேயே பித்தளைச் செட்டும் இருக்கிறது. திரும்பி நின்று, கண்ணை மூடி, இரண்டையும் கேளுங்கள். பேரன் வாசிப்பான். அதற்குப் பிறகும் பித்தளைதான் என்றால் கீழே கமெண்டில் எழுதுங்கள், நான் பதில் பேசாமல் இருந்துவிடுகிறேன். டீயும் பருப்பு வடையும் என் செலவு. மாப்பிள்ளை, காரை நீங்கதானுங்க எடுக்கோணும்.